உழக்கு மிஞ்சாத கணக்கு: சென்னை ஓரத்தில் சின்ன நிலம் வைத்திருப்பவர்களுக்கு

குன்றத்தூர் பக்கம் எங்களுக்கு 12 சென்ட் நிலம் இருக்கிறது. சென்னைக் கணக்கில் சொன்னால் இரண்டு கிரவுண்டும் கொஞ்சமும். 2014 ஆடியில் அதில் முதல் விதை போட்டோம். அன்றிலிருந்து தெரிந்தவர்கள் எல்லோரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "தோட்டத்துக்குப் போனா மனசு லேசாயிடும், இல்ல?"

ஆகாது. முதல் வருஷம் கண்டிப்பாக ஆகாது. அந்த வருஷம் எங்கள் மோட்டார் காயில் இரண்டு முறை எரிந்தது. போட்ட கொத்தமல்லியில் பாதி முளைக்கவில்லை. சனிக்கிழமை விடிகாலையில் கிளம்புவதா வேண்டாமா என்று வீட்டில் வாரா வாரம் சண்டை. போரூர் நெரிசலில் வண்டி நிற்கும்போது, இதற்குப் பேசாமல் கோயம்பேட்டில் ஒரு பை காய் வாங்கிக்கொண்டு வந்து தூங்கியிருக்கலாமே என்று தோன்றும். எங்களோடு சேர்ந்து நிலம் வாங்கியவர்களில் நாலைந்து பேர் இரண்டாம் வருஷமே கேட்டைப் பூட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது அங்கே சீமைக்கருவேலம் ஆள் உயரத்துக்கு நிற்கிறது.

நாங்கள் ஓடாமல் நின்றதற்குப் பெரிய மன உறுதி எல்லாம் காரணம் இல்லை. சில பழக்கங்கள்தான். சிலது தானாக வந்தது, சிலது ஆயா சொல்லிக்கொடுத்தது. ஆயா என்றால் எங்கள் நிலத்தில் களை எடுக்க வருகிற அம்மாள். ஊரே அவரை அப்படித்தான் கூப்பிடும். பயிர் வளர்ப்பது எப்படி என்று சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இங்கே எழுதுவது, நம்பிக்கை விட்டுப்போகாமல் அதே நிலத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதற்கு என்ன செய்யலாம் என்பது.

ஆரம்பிக்கும் முன் ஒரு வார்த்தை. சம்பளமோ பென்ஷனோ ஒரு பக்கம் வந்துகொண்டிருக்க, கூடவே ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நிலத்தை மட்டுமே நம்பி, கடன் வாங்கிப் பயிர் வைக்கிறவரிடம் போய், "கிடைச்சதுக்கு நன்றியோட இருங்க" என்று சொல்வது அபத்தம். அவருக்கு வேண்டியது நியாயமான விலை. அதேபோல, வாரக்கணக்கில் தூக்கமில்லை, எதிலும் பிடிப்பில்லை என்ற நிலையில் இருப்பவர்கள், மண்ணைக் கிளறினால் சரியாகிவிடும் என்று காத்திருக்க வேண்டாம். டாக்டரைப் பாருங்கள், எங்கே போவது என்று தெரியாவிட்டால் 104-க்கு போன் செய்யுங்கள். தோட்டம் எங்கும் ஓடிவிடாது.

நாலே நாலு பாத்தி

நாங்கள் 12 சென்ட்டையும் ஒரே நாளில் டிராக்டர் விட்டு உழுதோம். மூன்றே வாரத்தில் உழுத இடம் முழுக்கக் கோரை. கோரைக் கிழங்கை டிராக்டர் பிய்த்து நிலமெங்கும் பரப்பிவிட்டது என்பது பிறகுதான் புரிந்தது. அந்த வருஷம் முழுக்க வேறு வேலையே செய்யவில்லை, கோரை பிடுங்கினோம்.

நீங்கள் 10 அடி நீளம், 3 அடி அகலத்தில் நாலு பாத்தியோடு தொடங்குங்கள். ஒரு சென்ட்டில் கால் பங்குக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். அகலம் 3 அடியைத் தாண்டக் கூடாது. இரண்டு பக்கத்திலும் உட்கார்ந்து கை நீட்டினால் நடுப்பகுதி எட்ட வேண்டும். பாத்திக்குள் கால் வைத்தால் மண் இறுகிவிடும். எங்கள் மண் மாதிரி மழைக்கு ஒட்டி, வெயிலுக்குப் பாளமாக வெடிக்கிற களி என்றால் முக்கால் அடி உயர்த்தி மேட்டுப்பாத்தியாகப் போடுங்கள். மீதி நிலத்தில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து, பூக்கிற சமயத்தில் மடக்கி உழுதுவிடலாம். அதுவே உரம். ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு வாழை.

மண்ணையும் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்குக் கொடுத்துவிடுங்கள், முக்கியமாகக் கடற்கரை ஓரம் நிலம் வாங்கியவர்கள். உப்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு விதையைக் குறை சொல்லிப் பயனில்லை. அடிப்படைப் பயிற்சி வேண்டுமென்றால் கிண்டியில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தகவல் மற்றும் பயிற்சி மையம் இருக்கிறது, காட்டுப்பாக்கத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது.

நாலு பாத்தி ஏன் என்றால், காலையில் ஆரம்பித்தால் பத்து மணிக்குள் வேலை முடியும். முடித்துவிட்டு வேப்பமரத்தடியில் கால் நீட்டி உட்காரலாம். முடியாத வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்களுக்கு அடுத்த சனிக்கிழமை அலாரம் அடிக்கும்போது கை தானாக அதை அணைத்துவிடும்.

எப்போதும் ஏதாவது முளைத்துக்கொண்டிருக்கட்டும்

இதில் ஒன்றை மட்டும்தான் செய்யப் போகிறீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள்.

புதிதாக வருகிறவர்கள் முதல் நாளே மாங்கன்றும் தென்னங்கன்றும்தான் நடுவார்கள். தப்பில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை போனால் கன்று அப்படியே இருக்கும். அதற்கடுத்த சனிக்கிழமையும் அப்படியே இருக்கும். ஆறு மாதம் இப்படிப் போனால் யாருக்குத்தான் சலிக்காது?

முதல் விதை கீரையாக இருக்கட்டும். சிறுகீரை, முளைக்கீரை, வெந்தயக்கீரை மூன்றும் ஏறக்குறைய 25 நாளில் பிடுங்கத் தயாராகிவிடும். அரைக்கீரை இன்னும் சில நாள் பிடிக்கும், ஆனால் அறுக்க அறுக்கத் தழைக்கும். முதல் பாத்தியில் இன்று விதையுங்கள். பத்து நாள் கழித்து இரண்டாவதில். இன்னும் பத்து நாள் கழித்து மூன்றாவதில். மூன்றாவதை விதைத்த வாரமே முதல் பாத்தி அறுவடைக்கு வந்துவிடும். பிடுங்கி, கொஞ்சம் தொழு உரம் போட்டுக் கிளறி, மறுபடி விதை. இப்படியே சுற்றி வந்தால், எந்தச் சனிக்கிழமை போனாலும் ஒன்று முளைவிட்டிருக்கும், ஒன்று விரல் உயரம் நிற்கும், ஒன்று கையில் வரும். நாலாவது பாத்தி பொறுமைக்கானது: 45 நாளில் காய்க்கிற வெண்டை, நாற்று நட்டு இரண்டு மாதம் காக்கவைக்கிற கத்தரி.

ஒரு பாத்தியை எறும்போ மழையோ கொண்டுபோனாலும் மற்ற இரண்டு இருக்கும். ஒரே நாளில் மொத்தமும் விதைத்தவருக்கு அந்த வசதி கிடையாது. ஒரு ராத்திரி மழையில் எல்லாம் போனால், கூடவே மனசும் போய்விடும். நம்பிக்கையோடு இரு, நம்பிக்கையோடு இரு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன், வேலைக்கு ஆகவில்லை. விதைக்கிற தேதியைக் காலண்டரில் வட்டம் போட்ட பிறகு அதைச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

விதைக்கிற முறை: சிறுகீரை, முளைக்கீரை விதை கடுகைவிடச் சிறியது. அப்படியே தூவினால் ஓரிடத்தில் குவியும். நாலு மடங்கு காய்ந்த மணலோடு கலந்து தூவுங்கள். விரலால் லேசாகக் கீறி மூடினால் போதும். ஆழமாக மூடினால் வெளியே வராது. முதல் தடவை நான் அதைத்தான் செய்தேன். பூவாளியால் தண்ணீர் தெளியுங்கள், ஹோஸ் வேண்டாம். எறும்பு விதையைத் தூக்கிக்கொண்டு போகும் என்பதால் பாத்தியைச் சுற்றிச் சாம்பல் தூவிவிடுங்கள்.

அந்த முதல் தடவை, மூன்று நாள் லீவு போட்டு, பாத்தியின் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. ஆயா வந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: "இன்னா பாப்பா, குந்திக்கினு பாத்துக்கினே கீற? அது இன்னா பஸ்ஸா, டயத்துக்கு வர்றதுக்கு? ரெண்டு நாள் பொறு." அந்த விதை வரவில்லைதான், ஆழம் அதிகம். ஆனால் அந்த வாக்கியத்தை அதற்கப்புறம் எத்தனையோ விஷயத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறேன், மகளின் பரீட்சை முடிவு உட்பட.

பருவத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது வெண்டை, கத்தரி, அவரை, பந்தல் காய்களுக்கு இங்கேயும் சரி. கீரைக்குத் தையும் மாசியும் அருமையான மாதங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை விதையை அடித்துக்கொண்டு போகும். வைக்கோல் மூடாக்கு போட்டு முயலலாம், அல்லது பேசாமல் விட்டுவிடலாம்.

கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று

நிலத்துக்குள் நுழைந்ததும் முதல் பத்து நிமிடம் கையில் எதுவும் எடுக்காதீர்கள். மண்வெட்டி வேண்டாம், களைக்கொத்து வேண்டாம், போன் மோட்டார் ரூமிலேயே இருக்கட்டும். களைக்கொத்தைப் பிடித்துக்கொண்டு நடந்தால் கண்ணுக்குக் களை மட்டும்தான் தெரியும். அப்படியே குனிந்தவர் மதியம்தான் நிமிர்வார்.

நடக்கும்போது இலையைத் திருப்பிப் பாருங்கள். நடப்பதெல்லாம் இலைக்கு அடியில்தான் நடக்கிறது. அசுவினி என்கிற சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி கூட்டமாக மொய்த்திருக்கும் இடத்தில் கறுப்பாக, ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு ஊர்ந்தால் அதை நசுக்காதீர்கள். அது பொறிவண்டின் குஞ்சு, அசுவினியைத் தின்னத்தான் வந்திருக்கிறது. இது தெரியாமல் ஒரு வருஷம் முழுக்க ஒவ்வொன்றாகத் தேடிப்பிடித்துக் கொன்றேன். உதவிக்கு வந்தவரைத் திருடன் என்று அடித்து விரட்டிய கதை. கத்தரியில் மட்டும் கொஞ்சம் கவனம்: அங்கே மங்கலான நிறத்தில், நிறையப் புள்ளிகளோடு இன்னொரு வண்டு வரும், அதன் குஞ்சு மஞ்சளாக முள் முள்ளாக இருக்கும். இலையைச் சுரண்டிச் சல்லடை ஆக்கிவிடும். அதைப் பொறுக்கிச் சோப்புத் தண்ணீரில் போடலாம். சுற்றிலும் அசுவினி இருந்தால் நண்பன், இலை சல்லடையாக இருந்தால் எதிரி என்பது ஒரு குத்துமதிப்பான கணக்கு.

மழைக்காலத்தில் பெரிய ஆப்பிரிக்க நத்தைகள் கீரையை ஒரே ராத்திரியில் மொட்டையடிக்கும். நாங்கள் உப்பு, சுண்ணாம்பு என்று என்னென்னவோ செய்து பார்த்தோம். உப்பு மண்ணைத்தான் கெடுத்தது. ஒருநாள் காலைச் சுற்றில், வேலிக்குக் கீழே ஒரு செம்போத்துப் பறவை நத்தையைக் கொத்திக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அந்த மூலையில் புதரை வெட்ட வேண்டும் என்று இரண்டு மாதமாகத் திட்டம். அன்றைக்கே கைவிட்டோம். அது ஒளிந்துகொள்ள இடம் வேண்டுமே. இன்றும் அந்த மூலை காடாகத்தான் கிடக்கிறது. வருகிறவர்கள் "கொஞ்சம் க்ளீன் பண்ணக் கூடாதா" என்பார்கள்.

இரண்டாவது நோட்டு

உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்பது பழமொழி. எங்கள் முதல் நோட்டு அதை வரிக்கு வரி நிரூபித்தது. விதை, எரு, கூலி, மின்சாரம், பெட்ரோல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் ஒரு கட்டுக் கீரை எங்களுக்கு 60 ரூபாய்க்கு மேல் ஆனது. வீட்டுக்காரர் நோட்டை மூடிவிட்டு, "இதுக்கு நம்ம தெருக் கீரைக்காரம்மாவக் கூப்பிட்டு விருந்தே வெச்சிருக்கலாம்" என்றார்.

கணக்கு நோட்டை விட்டுவிடச் சொல்லவில்லை, அது வேண்டும். அதில் வராததை எழுத இன்னொரு நோட்டு போடுங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். மோட்டார் ரூமில் ஆணியில் தொங்கட்டும், பேனாவோடு. கிளம்பும் முன் தேதி போட்டு ஒரே ஒரு வரி. அந்த வரியில் கண்ணால் பார்த்த ஒரு பொருளோ உதவி செய்த ஒரு ஆளோ இருக்க வேண்டும். 'மனம் நிறைந்தது', 'இயற்கைக்கு நன்றி' போன்றவை எழுதக் கூடாது. இரண்டு வாரத்தில் அலுத்துவிடும், படிக்கவும் கூச்சமாக இருக்கும். எங்கள் நோட்டிலிருந்து சில:

மார்கழி 4. பனி. சுரைக்கொடியில் முதல் பெண்பூ. பூவுக்குப் பின்னால் பிஞ்சு ஒட்டிக்கொண்டு இருந்தது.

தை 9. பக்கத்து நிலத்துக்காரர் கேட்காமலே வாய்க்கால் அடைப்பை எடுத்துவிட்டிருக்கிறார். வெண்டைக்காய் கொடுக்கணும்.

ஐப்பசி 20. மழை. வேலை ஒன்றும் நடக்கவில்லை. வேர்க்கடலை தின்றோம்.

இதில் 'கொடுக்கணும்' என்று முடிகிற வரிக்கு அடியில் கோடு போடுங்கள். அது பாக்கி. அடுத்த வாரத்துக்குள் தீர்த்துவிட்டு டிக் அடிக்க வேண்டும். நன்றி என்பதை மனசுக்குள் வைத்திருந்தவரை எனக்கு அது நிற்கவே இல்லை. வண்டி போரூர் தாண்டுவதற்குள் மறந்துபோகும். பாக்கி என்று எழுதிவைத்தால் மறக்க முடியவில்லை. கடன்காரி புத்தி, வேறென்ன.

இரண்டாம் வருஷத்திலிருந்து நோட்டு வேறு விதத்திலும் உதவும். போன தடவை முருங்கை எப்போது பூத்தது, மாவுப்பூச்சி எந்த வாரம் வந்தது, எந்தக் கடை விதை முளைத்தது எல்லாம் அதில் இருக்கும்.

பாத்திரத்தை வெறுமனே திருப்பாதீர்கள்

முதலில் கூலி. ஆயாவுக்குப் பேசிய கூலியை அன்றைக்கே, கிளம்பும் முன், எண்ணிக் கையில் கொடுக்க வேண்டும். "சில்லறை இல்ல ஆயா, அடுத்த வாரம் சேத்துத் தரேன்" என்பதைவிடப் பெரிய நன்றிகெட்ட வார்த்தை தோட்டத்தில் இல்லை. பதினோரு மணிக்கு டீயும் பன்னும். வெயில் ஏறினால் வேலையை நிறுத்திவிட வேண்டும். அப்புறம், அவர்களுக்குத் தெரிந்ததைக் கேளுங்கள். எந்தப் பக்கம் தண்ணீர் தேங்கும், எந்த மாதம் பாம்பு நடமாட்டம் அதிகம் என்பதெல்லாம் ஆயா சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த நிலத்தில் அவர் சின்ன வயசில் நாற்று நட்டிருக்கிறார். பத்திரத்தில்தான் அது எங்களுடையது.

அடுத்து, அறுவடை. நன்றாக வந்த ஒரு பாத்தியில் பதினைந்து கட்டுக்குக் குறையாமல் கிடைக்கும். நாலு பேர் வீட்டில் வாரம் மூன்று கட்டுக்கு மேல் செல்லாது, பிள்ளைகள் முகம் சுளிக்க ஆரம்பித்துவிடும். மீதியைக் கொடுத்துவிடுங்கள், வாடுவதற்குள். எங்கள் அடுக்குமாடியில் மூன்றாம் மாடி அக்காவுக்கு ஒரு எவர்சில்வர் டப்பாவில் முருங்கைக்கீரை ஆய்ந்து கொடுத்தேன். மூன்று நாள் கழித்து டப்பா திரும்பி வந்தது, உள்ளே மோர்மிளகாய். வாங்கின பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது நம் வீடுகளில் எழுதாத சட்டம் அல்லவா? அந்த டப்பா இந்தப் பத்து வருஷத்தில் எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் எத்தனை முறை போய் வந்தது என்று கணக்கில்லை. மூடி இப்போது சரியாக மூடாது. மாற்ற மனம் வரவில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை: பூச்சி அரித்ததை, முற்றியதைத் தள்ளிவிடுவதற்காகக் கொடுக்காதீர்கள். வாங்குகிறவர்களுக்குத் தெரியும்.

தண்ணீர் வந்தபோது, வராதபோது

சென்னையைச் சுற்றி நிலம் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போக முடியாது. 2015 டிசம்பரில் எங்கள் நிலத்தில் இடுப்பளவு தண்ணீர். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் முருங்கையும் வாழையும் சாய்ந்தன. 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரியே காய்ந்து வெடித்துக் கிடந்தது, எங்கள் கிணற்றில் வாளி மண்ணைத் தட்டியது. 2023 டிசம்பர் மிக்ஜாமில் மறுபடி தண்ணீர்.

அப்படிப்பட்ட நாளில் நல்லதைப் பார், நன்றியோடு இரு என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். முதல் மூன்று நாள் புலம்புங்கள். நாங்கள் 2015-இல் வீட்டுக்குள் தண்ணீர் வந்த சொந்தக்காரர்களைக் கவனிக்கவே ஒரு வாரம் ஆனது. நிலத்தின் ஞாபகமே பிறகுதான் வந்தது. அதுதான் சரியான வரிசையும்.

போகும்போது கையில் கம்பு, காலில் பூட்ஸ். தார்ப்பாய், ஓலை, மோட்டார் ரூம் மூலை எல்லாவற்றிலும் பாம்பு ஒண்டியிருக்கும். ஈரம் பட்ட மோட்டாரை எலக்ட்ரீஷியன் பார்க்காமல் போடாதீர்கள். தேங்கிய தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிடுங்கள், ஆனால் ஈரக் களிமண் பாத்தியில் ஏறி மிதிக்காதீர்கள். வெள்ளத்தில் முங்கிய கீரையைச் சாப்பிடாதீர்கள், சாக்கடைத் தண்ணீரும் அதில் கலந்திருக்கும். பிடுங்கி எருக்குழியில் போடுங்கள். குடிக்கிற கிணறு என்றால் பிளீச்சிங் பவுடர் போட்டுச் சுத்தம் செய்யாமல் தொடாதீர்கள்.

அப்புறம், விதை டப்பா. இதைப் புயலுக்கு முன்பே செய்து வைக்க வேண்டும். கீரை, வெண்டை, அவரை விதைகளில் ஒரு பங்கை நன்றாகக் காயவைத்து, சாம்பலும் காய்ந்த வேப்பிலையும் போட்டு, இறுக்கமான டப்பாவில், நிலத்தில் வைக்காமல் வீட்டு அலமாரியில் வையுங்கள். 2015-இல் எங்கள் விதை எல்லாம் மோட்டார் ரூமில் இருந்தது, ஒன்றும் மிஞ்சவில்லை. 2023-இல் டப்பா வீட்டில் இருந்தது. தை பிறந்ததும், வண்டல் படிந்த அதே பாத்தியில் சிறுகீரை தூவினோம்.

வர்தாவில் விழுந்த முருங்கையைப் பார்த்து நான் அழுதேன் என்றே சொல்லலாம். ஆயா அழவில்லை, அரிவாளை எடுத்தார். மணிக்கட்டுப் பருமனுள்ள கிளைகளை மூன்று நாலு அடி நீளத்துக்கு வெட்டி, மேல் நுனியில் சாணியை அப்பி, வேலி ஓரமாகக் குழி பறித்து நட்டார். முருங்கைப் போத்து இப்படித்தான் நடுவது. தண்ணீர் அதிகம் ஊற்றினால் அழுகும், ஈரம் காயாமல் இருந்தால் போதும். ஆறு நட்டதில் நாலு தையில் துளிர்த்தது. ஒரு மரம் இருந்த இடத்தில் இப்போது நாலு. நோட்டில் அன்றைக்கு என் வரி: 'துளிர். ஆயாவுக்குப் புடவை எடுக்கணும்.' கோடு போட்டிருக்கிறேன், டிக்கும் இருக்கிறது.

வறட்சிக்கு மூடாக்கைத் தவிர எனக்குத் தெரிந்த வைத்தியம் இல்லை. காய்ந்த இலை, வைக்கோல், தென்னை மட்டை, கையில் கிடைத்ததை நாலு விரல் கனத்துக்குப் பரப்புங்கள். 2019-இல் இரண்டு வாழையையும் கறிவேப்பிலையையும் மட்டும், வீட்டில் அரிசி களைந்த தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்க் காப்பாற்றினோம். மற்றதை விட்டுவிட்டோம். எதை விடுவது என்று முடிவு செய்த அன்றைக்குத்தான் தூக்கம் வந்தது.

நாள், கிழமை

பண்டிகையைத் தனியாக ஏற்பாடு செய்ய வேண்டியதில்லை, நம் காலண்டரில் ஏற்கெனவே இருக்கிறது. ஆயுதபூஜைக்கு மண்வெட்டி, அரிவாள், பூவாளி, மோட்டார் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துப் பொட்டு வையுங்கள். வருஷத்துக்கு ஒருமுறையாவது பிடி ஆடுகிறதா, முனை மழுங்கியிருக்கிறதா என்று பார்த்த மாதிரியும் ஆகும். போகிக்கு டயர் கொளுத்தாதீர்கள், செத்தையை எருக்குழியில் போடுங்கள். மாட்டுப்பொங்கலன்று எங்களுக்கு மாடு இல்லை, சாணி கொடுக்கிற பால்காரர் வீட்டு மாட்டுக்கு அகத்திக்கீரையும் பொங்கலும் கொண்டுபோவோம். ஆடி ஞாயிறுகளில் எங்கள் தெரு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும்போது, தொட்டுக்கொள்ள முருங்கைக்கீரை எங்கள் போத்து மரங்களிலிருந்து போகிறது.

கத்திரி வெயிலில்

மே மாதம் அக்னி நட்சத்திரம் வந்தால் பெரிதாக ஒன்றும் செய்யாதீர்கள். காலை ஆறு மணிக்குப் போய்த் தண்ணீர் காட்டிவிட்டு எட்டு மணிக்குத் திரும்பிவிடுங்கள். வழியில் நுங்கு வாங்கிக்கொள்ளுங்கள். நிலம் ஓய்வெடுக்கிறது, உங்களுக்கும் அது நல்லது. குற்ற உணர்வோடு வெயிலில் கொத்திக்கொண்டிருந்த ஒரு மே மாதம் நான் மயங்கி விழுந்தேன். ஆயா என் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே திட்டிய வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

நிலமே இல்லையென்றால்

மாடி போதும். அகலமான நாலு தொட்டிகளோ வளர்ப்புப் பைகளோ போதும். செம்மண், தேங்காய் நார்க்கழிவு, மண்புழு உரம் கலந்து நிரப்புங்கள். தளத்தில் நீர்க்கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, பைகளைச் செங்கல் மேல் வையுங்கள். மற்றதெல்லாம் மேலே சொன்னதேதான்: பத்து நாள் இடைவெளி, கையை வீசிக்கொண்டு ஒரு சுற்று, ஆணியில் ஒரு நோட்டு.

இந்தச் சனிக்கிழமையே ஒரு பாத்தியோ ஒரு பையோ தயார் செய்து சிறுகீரை விதையை மணலோடு கலந்து தூவிவிடுங்கள். மூன்றாம் நாள் ஒன்றும் தெரியவில்லையென்றால் பக்கத்தில் குந்திக்கொண்டு பார்க்க வேண்டாம், இன்னும் இரண்டு நாள் பொறுங்கள். ஒரு வாரம் ஆகியும் வரவில்லையென்றால் எறும்பு கொண்டுபோயிருக்கும். சாம்பல் தூவிவிட்டு மறுபடி விதையுங்கள்.